ஐந்தாவது வரி

"கேள்வியை ரெண்டு தடவை படி. கொடுத்ததையெல்லாம் எழுதி அடிக்கோடு போடு. அப்புறம்தான் கணக்கு!"

டியூஷன் டீச்சரின் அதட்டல் மாடிப்படி வரை கேட்கும். நிகழ்தகவில் அவளை அசைக்க ஆளில்லை.

மார்ச்சில் ஒரு மாலை. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் ஒரு கவரை நீட்டினான். கம்பெனியில் எடுத்த பரிசோதனை. சிறுநீரக நோய். பாசிட்டிவ்.

"டீச்சரம்மா, நான் அவுட்டா?"

"உளறாதீங்க." ஒரு வெள்ளைத் தாளை இழுத்தாள். எழுதிக்கொண்டே சொன்னாள். "நூத்துல ஒருத்தருக்குத்தான் இந்த நோய். ஆயிரம் பேர்ல பத்து. பத்து பேரையும் டெஸ்ட் பிடிச்சிடும். ஆனா நல்லா இருக்கிறவங்கள்லயும் பத்துல ஒருத்தரைத் தப்பாப் பிடிக்கும். அது தொண்ணூத்தொம்பது. ஆக மாட்டுறது நூத்தொம்பது பேர், நிஜ நோயாளி பத்தே பேர்."

"அப்போ எனக்கு?"

"நூத்துக்கு ஒம்பதுதான்."

வாய்விட்டுச் சிரித்தான். "ஸ்கூல்ல கணக்குல என் மார்க்கே அதுதானே!"

நோயை உறுதிசெய்யும் இரண்டாவது பரிசோதனைக்கு அவன் போகவில்லை. தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.

எட்டு மாதம் கழித்து, லிஃப்ட் கூண்டின் மேலேயே மயங்கி விழுந்தான்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இருந்ததா?" டாக்டர் கேட்டார்.

"மாமனாருக்கு. அதுலதான் போனார்." வீட்டில் மாமனார் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அன்று கணக்குப் போட்டாள். மறந்தாளா, நினைக்கப் பயந்தாளா?

"இது பரம்பரையா வர்ற நோய். அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்குச் சரிபாதி வாய்ப்பும்மா. மார்ச்லயே வந்திருந்தா..." டாக்டர் ரிப்போர்ட்டை மூடினார்.

நூறில் ஒன்றல்ல, இரண்டில் ஒன்று. ஆயிரத்தில் ஐந்நூறு. தப்பாக மாட்டுவது ஐம்பதே பேர். வேண்டாம் வேண்டாம் என்றாலும் பாழாய்ப்போன மூளை கணக்கை முடித்துவிட்டது.

கட்டிலில் கிடந்தவன் அவள் முகத்தைப் படித்தான். "கணக்கு மாறிடுச்சா? எவ்வளவு?"

"தொண்ணூத்தொண்ணு."

"அடேயப்பா!" சிரிக்கப் பார்த்தான். மூச்சு வாங்கியது. "ஜென்மத்துல நான் வாங்கின பெரிய மார்க்கு."

தலைமாட்டில் கிடந்த பர்ஸிலிருந்து தாளை எடுத்தாள். மடிப்புகள் கிழிந்திருந்தன. 'கொடுக்கப்பட்டவை' என்று தலைப்பு. கீழே நான்கு வரிகள், எல்லாவற்றுக்கும் அழகாக அடிக்கோடு. ஐந்தாவதாக எழுதியிருக்க வேண்டியது அப்பா.

பேனாவைத் திறந்தாள்.

அவன் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"வேணாம். ஒம்பதாவே இருக்கட்டும்."