நெளித்த டிஷ்

பத்தாவது மார்க்‌ஷீட்டிலிருந்து எம்.இ. பட்டம் வரை அமலாவின் ஒரிஜினல் எல்லாம் கல்லூரி பீரோவில் கிடந்தன. திண்டிவனத்தை ஒட்டிய அந்த இன்ஜினியரிங் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்த அன்றே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். அங்கே அதுதான் வழக்கம். செவ்வாய் காலை அவளுக்குப் பெங்களூரில் இன்டர்வியூ, செயற்கைக்கோள் ஆன்டெனா வடிவமைக்கும் வேலை. ஒரிஜினல் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். தாளாளரிடம் மூன்று தரம் கேட்டாள். "மூணு வருசம் முடியட்டும்" என்பதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை.

அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, கல்லூரியில் பல்கலைக்கழக இன்ஸ்பெக்‌ஷன். அன்று மட்டும் காட்டுவதற்காகச் சான்றிதழ்கள் அவரவர் கைக்கு வரும். வந்த நிபுணர் அமலாவின் கணினித் திரையிலிருந்த ஆன்டெனா படத்தை நோக்கிக் குனிந்தார்.

"என்னம்மா, டிஷ் நசுங்கிப்போயிருக்கு?"

"நசுங்கல சார், நான்தான் நெளிச்சிருக்கேன். வழவழன்னு இருந்தா சாட்டிலைட்லேர்ந்து வர்ற அலை தரையில முட்டையாட்டம் விழுந்து பாதி கடலுக்குப் போயிடும். அங்கங்க சில மில்லிமீட்டர் ஏத்தி எறக்குனா, குஜராத்லேர்ந்து அஸ்ஸாம் வரைக்கும் நாட்டு ஓரத்தோட ஒட்டி விழும்."

"இவ்ளோ தெரிஞ்சிக்கினு இங்க என்ன பண்ற?"

"எங்க பர்மனென்ட் ஸ்டாஃப் சார்" என்று தாளாளர் முந்திக்கொண்டார்.

கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தது. கிளார்க் சக்கரபாணி கையை நீட்டினார். "சர்டிபிகேட் ஃபைல குடும்மா, ஜல்தி."

"பாத்ரூம் போய்ட்டு வந்து தர்றேண்ணா."

நேரே கேட்டுக்குப் போனாள். வாட்ச்மேன் நாற்காலியில் அவள் அப்பா ராயப்பன். கல்குவாரித் தூசி நெஞ்சை அரித்துவிட்ட ஆளுக்கு, மகளோடு சேர்த்துத் தாளாளர் போட்டுக்கொடுத்த வேலை அது. ஃபைலைப் பார்த்ததும் எழுந்தார்.

"எடுத்துக்கினியா?"

"உன்னக் கேட்டா என்னாப்பா சொல்லுவ?"

"ஒண்ணுக்குப் போயிருந்தேன், பாக்கலன்னுவேன். ஓடு."

முதலில் வந்த விழுப்புரம் பஸ்ஸில் ஏறினாள். அங்கிருந்து பெங்களூருக்கு வண்டி உண்டு. கால் மணி நேரத்தில் போன் அடித்தது. அப்பாவின் நம்பர், தாளாளரின் குரல்.

"அமலா, உங்கப்பன் என் ரூம்லதான் உக்காந்துகினு இருக்கான். ஃபைலு திருடு போச்சுன்னு போலீசுக்கு எழுதணும். கேட்ல இருந்தவன் பேர எழுதட்டுமா?"

"அது என் சர்டிபிகேட்டு சார்."

"பீரோ என்னுது."

பின்னால் ராயப்பன் இருமுவது கேட்டது. இருமலுக்கு நடுவே, "வராதம்மா..." போன் நின்றுவிட்டது.

அடுத்த நிறுத்தமான கூட்டேரிப்பட்டில் இறங்கினாள். எதிர்ப்பக்கம் திண்டிவனம் பஸ், மற்ற நாளெல்லாம் அரை மணி காக்கவைக்கிற பஸ், உடனே வந்து நின்றது.