இதைவிடப் பெரிய தக்கை

"இதைவிடப் பெரிசா இல்லையா?" என்று அத்தான் மறுபடியும் கேட்டதும், தூண்டில் கடைக்காரர் தையல்காரனைப் பார்த்தார். இந்த மனுஷனுக்கு நீயாவது எடுத்துச் சொல்லேன் என்கிற பார்வை. தையல்காரன் என்ன சொல்வான்? அக்கா புருஷன். தகப்பன் போன வீட்டில் தகப்பனாக நின்று, அவனுடைய முதல் தையல் மெஷினையும் வாங்கிக் கொடுத்தவர். அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அவனுக்குப் பழக்கமே கிடையாது.

அத்தான் டவுன் பஸ் டிரைவர். வண்டி எடுக்காத நாளெல்லாம் துறைமுகச் சுவரில்தான் இருப்பார். கழியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வெறும் தூண்டில் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கூட உட்கார்ந்திருப்பார். மீன் தொட்டால் விரல் சொல்லிவிடும். அப்படிப்பட்டவருக்கு இந்த வாரம் நரம்பில் மிதக்கும் தக்கை போட்டு மீன் பிடிக்கும் ஆசை எங்கிருந்தோ வந்துவிட்டது. ஏழு கழுதை வயசுக்கப்புறம் இதென்ன புதுப் பைத்தியம் என்று அக்கா கேட்டதற்கு, காதில் விழாத மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடை ரயில்பெட்டி மாதிரி குறுகல். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கழிகள் நின்றன. சுவரிலிருந்து போடுவதானால் நீளக் கழிதான் வேண்டும், குட்டைக் கழி என்றால் நரம்பு பாறையில் உரசி அறுந்துவிடும் என்றார் கடைக்காரர். அத்தான் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு உதறு உதறி, நுனியின் ஆட்டம் எப்போது அடங்குகிறது என்று கையாலேயே கேட்டார். இரண்டைத் திருப்பி வைத்தார். மூன்றாவது, நுனி இளகி அடி விறைப்பாக இருந்தது, தேறியது. ரீலைக் காதோரம் வைத்துச் சுற்றிப் பார்த்தார். நரம்பை விரலில் உருட்டியே, இது தடிமன், இன்னும் மெலிசு கொடுங்கள் என்றார். கடைக்காரர் அசந்துபோனார். தையல்காரனுக்கும் கொஞ்சம் பெருமைதான்.

தக்கைக்கு வந்ததும்தான் மனிதர் குழந்தையாகிவிட்டார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது பேனா மாதிரி மெலிந்த தக்கை. அத்தான் அதைத் தொடக்கூட இல்லை.

"மெலிசா இருந்தாத்தாங்க மீன் இழுத்ததும் உள்ள போகும்" என்றார் கடைக்காரர். "குண்டா இருந்தா என்னமோ கனக்குதேன்னு இரையைத் துப்பிட்டுப் போயிடும்."

போனால் போகட்டும் என்றார் அத்தான். கடைசியில் கண்ணாடிப் பெட்டியின் அடியிலிருந்து கோழிமுட்டை அளவில் ஓர் ஆரஞ்சுத் தக்கை வெளியே வந்தது. அதைத் தையல்காரன் கையில் கொடுத்து, தெருவைத் தாண்டிப் போய் நின்று தூக்கிக் காட்டச் சொன்னார். அவன் வண்டிகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான். கையைத் தூக்குவதற்குள், அத்தான் கடைவாசலில் நின்றபடி, தெரிகிறது என்று தலையாட்டிவிட்டார். விளையாடுகிறார் என்று நினைத்து அவனும் சிரித்தான்.

துறைமுகச் சுவரில் அத்தான் தூண்டில் முள்ளையும் நரம்பையும் அவனிடம் நீட்டினார். ஊசியில் நூல் கோக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றார். அவன் முள்ளைக் கட்டி, ஈயக் குண்டைக் கடித்து இறுக்கிக் கொடுத்தான். அத்தான் அழகாக வீசினார். வீசிவிட்டுக் கழியைச் சுவர்மேல் சாய்த்து வைத்துக் கையைக் கட்டிக்கொண்டார். கையில் பிடிக்கக் கூடாதாம். கை சொல்லிவிடுமாம். கண்தான் பார்க்க வேண்டுமாம்.

கொஞ்ச நேரத்தில் அவ்வளவு பெரிய தக்கையும் சடாரென்று தண்ணீருக்குள் போனது. கழி நுனி துடித்தது. அத்தான் அசையவில்லை. கண் கொட்டாமல் வேறு பக்கம், அலையில் மிதந்து வந்த ஒரு பழத்தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரு, எப்படி ஜம்முனு நிக்குது" என்றார். "எனக்கு நல்லாவே தெரியுது."

தக்கை வெறுமனே மேலே வந்து ஆடிக்கொண்டு நின்றது. பொய் சொல்லிவிடலாமா என்று தையல்காரனுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

"அத்தான், அது பழத்தோல்."

அத்தான் கடலைப் பார்த்தபடியே சொன்னார். "நடுவுல ஒரு புகை மாதிரி, மாப்ளே. ஓரமெல்லாம் நல்லாத்தான் தெரியுது. போன பார்வை வராது, இனிமே வண்டி ஓட்டாதீங்கன்னுட்டார் டாக்டர். தக்கை தெரிஞ்சா சிக்னலும் தெரியும்னு நானா ஒரு கணக்குப் போட்டேன்."

"அப்ப இத்தனை நாளா எப்படி..."

"முன்னால போற வண்டி நின்னா நானும் நிப்பேன்."

நாளைக்கு வண்டி எடுக்காதீர்கள் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. வேலை போனால் கம்பெனி கொடுத்த வீடும் போகும். அக்கா நடுத்தெருவில் நிற்பாள். அவர் எடுக்கும் காலை வண்டியில்தான் அவன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். இருதலைக் கொள்ளி எறும்பாக அவன் மென்று முழுங்கினான். அக்காவிடம் சொல்லாதே என்று அத்தான் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடக் கோபப்பட்டிருக்கலாம்.

மறுநாள் காலை, நெற்றி சுடுகிறது என்று சொல்லி மகளை வீட்டில் நிறுத்திவிட்டான். சுடவில்லை. ஸ்டாப்பில் பஸ் வந்து நின்றபோது உள்ளே யார் யாருடைய பிள்ளைகளோ பைகளோடு நெருக்கியடித்து நின்றார்கள். தன் பிள்ளையை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு வந்ததை நினைக்க அவனுக்கே கேவலமாக இருந்தது. இன்றைக்குச் சொல்லியே தீருவது, அவரை இறக்கிவிடுவது என்று ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போய் நின்றான். அதற்குள் விசில் கேட்டது. வண்டி கிளம்பிவிட்டது.

"அத்தான்."

"நீயா?" அத்தான் திரும்பவில்லை. ஆனால் தோள் இரண்டும் லேசாகத் தளர்ந்ததை அவன் பார்த்தான்.

நாற்சந்தி நெருங்கியது. முன்னால் ஒரு வண்டியும் இல்லை. வேகம் குறையவில்லை. சொல்ல வந்தது வேறு. வாயில் வந்தது இதுதான்.

"சிவப்பு, அத்தான்."

பிரேக் விழுந்தது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து சிரித்தார்கள்.

"நல்லவேளை வந்தே" என்றார் அத்தான் மெதுவாக. "நாளைக்கும் வருவியா?"

விளக்கு மாறியது. அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தார். பின்னால் ஹாரன்கள் கத்தின. அப்போதும் காத்திருந்தார்.

"பச்சை" என்றான் தையல்காரன்.