யார் அடித்தான், எந்தக் காலால்

வர்ம ஆசானிடம் நான் இரண்டு கேள்விகளோடு போனேன். ஒன்று, எங்கள் பள்ளிக்கூடக் கையெழுத்துப் பத்திரிகைக்கு. பந்தாட்டத்தில் அடிபட்டவனின் மனம் பற்றிக் கட்டுரை வேண்டுமென்று அதை நடத்தும் குமாரதாஸ் சொல்லியிருந்தான். "வெவரம் தெரிஞ்ச மூணு பேருகிட்ட கேட்டு எழுது டைட்டஸ். ஒனக்குத்தான் அனுபவம் உண்டே" என்று என் முழங்காலைப் பார்த்துச் சிரித்தான். இன்னொரு கேள்வி என்னுடையது. எந்த இடத்தில் உதைத்தால் ஒருவன் பிறகு ஓடவே மாட்டான்? சனிக்கிழமை கருங்கல் பள்ளியோடு மறுபடி ஆட்டம். ஐம்பத்துமூன்றாம் வருஷ ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு என் காலை உதைத்த சுயம்பு அங்கேதான் படிக்கிறான்.

எலும்பு கூடி மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் பந்து வந்தால் என் கால் தானாகப் பின்னால் போகிறது. படுத்தால் அந்தச் சத்தம் கேட்கிறது, காய்ந்த ஓலைமட்டையை மிதித்தது போல. அம்மையிடம்கூடச் சொன்னதில்லை, பயம். டாக்டரிடம் கேட்டேன். "எலும்பு நல்லா இருக்கே, பெறவு என்ன?" என்றார். மாதா கோவில் சாமியார் முழங்காலில் நின்று ஜெபிக்கச் சொன்னார். அதுதான் மடக்கினாலே நோகிறதே.

மூன்றாவது ஆள் இரணியலில் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான். யார் அடித்தான், எந்தக் காலால் என்று கேட்காமல் அவர் எண்ணெயைத் தொடமாட்டார். கால் முறிந்து அவரிடம் கிடந்த அன்று என்னிடமும் கேட்டார். சுயம்புவின் பேரைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

இப்போது இரண்டாவது கேள்வியை மெல்ல எடுத்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"எலேய், பத்திரிகைக்குக் கேக்கியா, சுயம்புக்குக் கேக்கியா?"

நான் கையிலிருந்த தாளை மடித்தேன்.

"பந்தக் கண்டா காலு வெறைக்குன்னு அவனும் இங்கதான் வாறான். காலுல ஒரு கேடும் இல்ல. யாருடே அடிச்சான்னு கேட்டேன். நான்தான் அடிச்சேன்னு அழுதான். ஒனக்கு வெவரம் வேணும்னா அவனப் போயிக் கேளு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உதைப்பதைவிட இது நல்லது. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பள்ளிக்காரர்களும் கூடி நிற்கும்போது குமாரதாஸ் பத்திரிகையை உரக்க வாசிப்பான். சுயம்புவின் பயம் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

மறுநாள் கருங்கல் திடலில் சுயம்புவைப் பிடித்தேன். என்னைக் கண்டதும் முகம் வெளிறியது. ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான், யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி.

"படுத்தா ஒரு சத்தம் கேக்கும் மக்கா. ஓலமட்டைய மிதிச்சது மாதிரி."

என் பென்சில் ஒரு கணம் நின்றது. பிறகு அதையும் எழுதினேன்.

"பேரு மட்டும் போடாண்டாம். தெரிஞ்சா டீமுல வைக்கமாட்டானுவ."

"செரி" என்றேன். அவன் பேரை முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்.

"அண்ணேய், பந்து! பந்து!" என்று சின்னப் பயல்கள் கத்தினார்கள். எங்களை நோக்கி உருண்டு வந்தது. என் கால் பின்னால் போனது. அவன் காலும் போனது. பந்து எங்களுக்கு நடுவே மெதுவாகக் கடந்து வாய்க்காலில் விழுந்து, மிதந்து போய்க்கொண்டிருந்தது. பயல்கள் திட்டிக்கொண்டே ஓடினார்கள். சுயம்பு பந்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.