பலகையின் மூலையில் ஒரு விடுகதை

ஐஸ் பெட்டி கூடத்துக்குள் நுழையவில்லை. நான்கு பேர் தூக்கி, நேராக ஒரு தடவையும் சாய்த்து ஒரு தடவையும் பார்த்துவிட்டு வாசலிலேயே இறக்கி வைத்தார்கள். கதவைத் தாண்டினாலும் உள்ளே திருப்ப இடமில்லை. "சாமானையெல்லாம் வெளிய போடுங்கப்பா" என்று யாரோ சத்தம் போட, டிவி ஸ்டாண்டு வந்தது, அலமாரி வந்தது, மடக்குக் கட்டில் வந்தது. கடைசியாக அந்த நாற்காலியும் வந்தது.

கேட்டருகே நின்றிருந்த மலர்கொடி அதைப் பார்த்துவிட்டாள். பதினோரு வருஷம் கழித்து அந்த வீட்டு வாசலை மிதிக்கிறாள். அப்பா செத்துப்போன காலையில் அவள் கண் அவரைத் தேடாமல் ஒரு மர நாற்காலியின் காலைத் தேடிப் போனது. முன்பக்க இடது கால். உடைந்த இடத்தில் புதுக் கட்டை வைத்து ஆணி அடித்திருந்தது. மற்ற மூன்றும் கறுத்துக் கிடக்க, அது மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அதன் அடியில் இருக்க வேண்டிய புத்தகம் இல்லை.

சிவப்பிரகாசம் காலை நாலே முக்காலுக்கு, முதல் ஷிப்ட்டுக்குக் கிளம்பப் பல் துலக்கப் போனவர், அங்கேயே விழுந்தார். ஐம்பத்தொன்பது வயது. ரிட்டயர்டாக எட்டு மாதம் இருந்தது. ஷிப்ட் பஸ் வழக்கம்போல முனையில் வந்து நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த பஸ்ஸில் அவர் ஏறினால் யாரும் தூங்க முடியாது. உட்காருவதற்குள் ஒரு விடுகதை போடுவார். மைன்ஸ் வாசலில் இறங்கும் வரை யாருக்கும் பதில் வராவிட்டால் அன்றைக்கு முழுக்க மனுஷனுக்குச் சந்தோஷம்.

அவளுக்கும் அப்படித்தான் பழக்கியிருந்தார். ஷிப்ட் முடிந்து வந்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவார். முதல் ஷூவின் கயிற்றில் கை வைக்கும்போதே கேள்வி வந்துவிடும். இரண்டாவது ஷூ காலை விட்டு வருவதற்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும். "போவும்போது சொமை, வரும்போது சும்மா. நாளெல்லாம் நடந்தும் இருந்த எடத்துலயே இருக்கான். யாரு?" மைன்ஸில் கரி ஏற்றிப் போகும் பெல்ட் என்று ஒரு ஷூ கழல்வதற்குள் சொன்னபோது அவளுக்கு ஏழு வயது. அப்பா அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொன்னார்.

நாற்காலியின் கால் உடைந்தது அவள் ஐந்தாவது படிக்கும்போது. பரீட்சை முடிந்த மறுநாள் தன் கணக்குப் புத்தகத்தை அதன் கீழே செருகிவிட்டு, முதல் தடவையாகச் சொந்தமாக ஒன்று போட்டாள்.

"மூணு காலு தரையில, ஒரு காலு அஞ்சாங்கிளாஸ் கணக்குல. எத்தினி வருஷம் நின்னு படிச்சாலும் பாசாவ மாட்டான். யாரு?"

அதன்மேல் உட்கார்ந்துகொண்டே பதில் தெரியாமல் விழித்தார் அப்பா. அவள் சொன்னதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இது நம்ம வூட்டு விடுகதை. வெளிய எவனுக்கும் சொல்லாத, எவனாலயும் அவுக்க முடியாது" என்றார். அவளும் யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு குமரவேல் வந்தான். கான்ட்ராக்ட் வேலை. பெண் கேட்கத் தானே நேரில் வந்தான், அவ்வளவு வெகுளி. அப்பா அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வளையமாதேவியில எந்தத் தெரு?" அவன் சொன்னான். அப்பா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எந்த விடுகதையையும் இரண்டு நாள் மென்று பார்க்கிற மனுஷன், இதற்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவள் குமரவேலோடு போனாள். அதன்பின் அப்பா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேத்தி பிறந்ததற்கும் வரவில்லை. அம்மா மட்டும் அவர் ஷிப்ட்டில் இருக்கும் நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாக போன் பண்ணுவாள்.

ஆறு வருஷத்துக்கு முன்பு குமரவேலுக்கு பெல்ட் கன்ட்ரோல் ரூமில் ராத்திரி ஷிப்ட் ஹெல்ப்பர் வேலை கிடைத்தது. பெருக்குவது, டீ வாங்கி வருவது, தண்ணீர் பிடித்து வைப்பது. அங்கே கம்ப்யூட்டர் எல்லாம் வந்த பின்னும் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. எந்த பெல்ட் நின்றிருக்கிறது என்று எழுதுவதற்கு. அதன் இடது மூலை மட்டும் விடுகதைக்கு. போகிற ஷிப்ட் ஒன்று எழுதி வைக்கும். வருகிற ஷிப்ட் அதன் கீழே பதில் எழுதி, தன் பங்குக்கு ஒன்று போட்டுவிட்டுப் போகும். நேரில் பேசிக்கொள்ளாதவர்கள்கூட அந்த மூலையில் பேசிக்கொண்டார்கள். அந்த வழக்கத்தை அங்கே ஆரம்பித்து வைத்தவரே முதல் ஷிப்ட் சிவப்பிரகாசம்தான்.

இதைக் குமரவேல் வீட்டில் வந்து சொன்ன அன்றைக்கு மலர்கொடி ஒரு விடுகதையைத் துண்டுச் சீட்டில் எழுதி அவன் சட்டைப் பையில் வைத்தாள். ராத்திரி ஆபரேட்டர் சிவசங்கர் நல்ல மனுஷன். "எழுதிக்கோ தம்பி" என்று விட்டுவிட்டார். குமரவேல் சாக்பீஸால் எழுதிவிட்டு, மாமனார் மேலே ஏறி வருவதற்குள் பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போய்விடுவான். மறுநாள் பதிலும் புது விடுகதையும் சீட்டில் வீட்டுக்கு வரும்.

ஆறு வருஷம் இப்படி ஓடியது. "புள்ளைய வெளிய தொங்க வுட்டுட்டுத் தான் மட்டும் பழுக்கிறவ யாரு?" என்று அவள் கேட்டதற்கு, கீழே "முந்திரி" என்று எழுதி, "முந்திரிக்காட்டுல பொறந்த காடாம்புலியூர்காரன்கிட்டயேவா?" என்றும் எழுதியிருந்தார். அன்று அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அவள் சிரித்தாள், பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். இதெல்லாம் சிவசங்கர் போடுவது என்றே அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். சிவசங்கர் மூளையே மூளை என்று வீட்டில் சொல்வாராம்.

ஆனால் மனசு கேட்கவில்லை அவளுக்கு. அப்பா தன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அப்பாவுக்குத் தெரிய வேண்டும். அம்மா போனில் ஒருநாள், "அந்த நாக்காலி அடியில கெடக்கற புக்க மட்டும் எடுக்க வுட மாட்றாருடி" என்றாள். மலர்கொடிக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு, மூன்று கால் தரையில், ஒரு கால் கணக்கில் என்று எழுதிக் கொடுத்தனுப்பினாள்.

பதில் வரவில்லை. மறுநாளே குமரவேலை ரூமிலிருந்து எடுத்து, பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை வாரும் வேலைக்குப் போட்டுவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கான்ட்ராக்ட்காரனுக்கு யார் காரணம் சொல்வது? முட்டி போட்டு வார வேண்டும். தூசியில் அவனுக்கு ராத்திரியெல்லாம் இருமல். விரல் சந்தெல்லாம் வெடித்துச் சோறு பிசைந்தால் எரிந்தது. பலகையைப் பார்க்க வழியில்லை. ஒரு தடவை சிவசங்கரைக் கேட்டதற்கு, "அப்புறம் சொல்லுதேன்பா" என்று நழுவிவிட்டாராம்.

அப்பா அதை அவிழ்த்தாரா இல்லையா? பஸ்ஸில் வரும்போது அவளுக்கு இருந்த நினைப்பு இது ஒன்றுதான்.

பெட்டி ஒருவழியாக உள்ளே போனது. அவளும் போனாள். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அம்மா கலியம்மாள் மட்டும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பாக்காமயே போயிட்டாரேடி உன்ன" என்று ஓலமிட்டாள். கண்ணாடிக்கு அடியில் அப்பா நெற்றி நிறைய விபூதியோடு, எதையோ யோசிப்பவர் மாதிரி கிடந்தார். அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் மலர்கொடி மெல்லக் கேட்டாள்.

"நாற்காலிய எப்பம்மா சரி பண்ணாரு?"

"ரெண்டு மாசம் இருக்கும்டி. முதல் ஷிப்ட் போன மனுசன் பாதியில லீவு சொல்லிட்டு வந்தாரு. ஆசாரிய கூட்டிகினு வந்து கட்டைய அடிச்சாரு. இருவத்தஞ்சி வருஷமா ஆடிகினு கெடந்துது, அன்னிக்கின்னு என்னா தோணுச்சோ."

"என்னிக்கும்மா?"

"வெள்ளிக்கெழம. வெளக்கு தேச்சிகினு இருந்தேன், ஞாபகம் இருக்கு."

வியாழன் ராத்திரி குமரவேல் எழுதியது. வெள்ளி காலை அப்பா படித்திருக்கிறார். அவிழ்த்துவிட்டார்! சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு மலர்கொடிக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். பலகையில் எழுத வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து காலைச் சரி பண்ணியிருக்கிறார், இதுதான் அவர் எழுதிய பதில் என்று அவள் எண்ணினாள். பிடிவாதக்காரக் கிழவன் என்று செல்லமாகத் திட்டக்கூடச் செய்தாள். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் ஒரு நடை வளையமாதேவிக்கு வந்திருப்பார், பேத்தியிடம் ஷூவைக் கழற்றியபடி ஒன்று கேட்டிருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனாள்.

குமரவேல் எதிர்ப்பக்கம் ரோட்டோரம் வாகை மரத்தடியில் நின்றான். ராத்திரி ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருந்தான். பைக் ஹேண்டிலில் மாலை தொங்கியது. மாப்பிள்ளை போட வேண்டிய மாலை. காலையில் யாரோ ஒரு பெரியப்பா, "பொண்ணு வேணா வந்து பாக்கட்டும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அது அவனுக்கு எட்டியது. பந்தலுக்குக் கீழே வாடகைச் சேர்கள் காலியாகத்தான் கிடந்தன. அவன் நின்றுகொண்டே இருந்தான்.

பதினொரு மணி சுமாருக்கு சிவசங்கர் வந்தார். பெட்டிக்கு முன் நின்று கும்பிட்டுவிட்டு வெளியே போனவர், குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த மலர்கொடியிடம் வந்தார்.

"நீ குமரவேலு சம்சாரந்தானம்மா?"

"ஆமாங்க. அண்ணா, அன்னிக்கு அந்த விடுகதைய அப்பா…"

"அதச் சொல்லத்தான் வந்தேன். சத்தியமா நான் காட்டிக் குடுக்கலம்மா. அண்ணாச்சி தானாத்தான் கண்டுபிடிச்சாரு. எங்க யாருக்கும் அது விளங்கல. அவரு வந்தாரு, படிச்சாரு. ரெண்டு நிமிஷம் அப்படியே நின்னாரு. பொறவு ஆளு நோட்டுல ராத்திரி ஹெல்ப்பர் பேரப் பாத்தாரு, கர்சீப்ப நனைச்சு பலகையத் தொடச்சாரு. மூலைய மட்டும் இல்ல, பெல்ட் நம்பரோட பூராத்தையும்."

மலர்கொடி குழாயை மூடினாள்.

"'எத்தன வருஷமா நடக்குது இது'ன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? 'அவன் தொட்ட சாக்பீஸையா நான் தொட்டுகினு இருந்தேன்'னு சொல்லி, டப்பாவோட தூக்கிக் குப்பையில போட்டுட்டாரு. கைய ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் கழுவினாரு. கான்ட்ராக்டர் ஆளுக்கு போன் போட்டதும் அவருதான். 'அந்தாளு இனி இந்த ரூமு படி ஏறக் கூடாது, பெல்ட்டுக்கு அடியில போடு'ன்னாரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்மா."

"தெரியாதுங்க."

"மனசுல வச்சுக்காதம்மா. மனுஷனே போயிட்டாரு."

அவர் போனபின்பும் அவள் குழாயடியிலேயே நின்றாள். இரண்டு மாதமாகப் புருஷனை முட்டி போட்டுக் கரி வார வைத்தது அவள் எழுதிக் கொடுத்த சீட்டு. அப்பாவிடம் பாஸ் மார்க் வாங்க வேண்டும் என்ற அற்ப ஆசை. ஆறு வருஷம் கெட்டிக்காரத்தனமாகக் கேள்வி கேட்டவளுக்கு, யாரிடம் கேட்கிறோம் என்பது புரியவில்லையே. உள்ளே கண்ணாடிக்குக் கீழே கிடக்கிற மனுஷன் மேல் அவளுக்கு வந்தது வெறுப்புதான், துக்கம் இல்லை. கை கழுவினாராம். காலைச் சரி பண்ணினது பதில்தான். அவளுடைய புத்தகம் அந்த வீட்டில் ஒரு காலுக்குக்கூட வேண்டாம் என்ற பதில்.

நேராகப் போய், வெளியே கிடந்த சாமான்களுக்கு நடுவிலிருந்து நாற்காலியைத் தூக்கினாள். பெரியப்பா எழுந்து வந்தார்.

"அத எங்கம்மா எடுத்துகினு போற?"

"ஒருத்தர் காலையிலேர்ந்து நின்னுகினு இருக்காருங்க" என்றாள்.

பந்தலே திரும்பிப் பார்த்தது. கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, நாற்காலியை மரத்தடியில் போட்டாள்.

"எதுக்கு மலரு இது? நான் நின்னுக்கிறேன். பாத்துகினு இருக்காங்க."

"உக்காருங்க."

குமரவேல் தயங்கினான். தன் பேண்ட்டைப் பார்த்தான். முட்டியில் கரி அப்பியிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, நாற்காலியின் மேல் விரித்தான்.

"அந்த அண்ணன் உன்னாண்ட என்னமோ பேசிகினு இருந்தாரே. கேட்டியா? பதிலு எழுதனாராமா?"

"எழுதல." அவள் பைக்கில் தொங்கிய மாலையைப் பார்த்தாள். பூ வாடத் தொடங்கியிருந்தது. "ஆனா கண்டுபுடிச்சிட்டாராம்."

"எத்தினி நேரத்துல?"

"ரெண்டு நிமிஷத்துல."

"ரெண்டே நிமிஷமா!" அவன் முகம் மலர்ந்துவிட்டது. சாவு வீடு ஞாபகம் வந்து குரலைத் தாழ்த்தினான். "நான் சொன்னேன் இல்ல? அந்த மனுசன் மூளைக்கி அதெல்லாம் ஒரு கணக்கா?"

இருமிக்கொண்டே மெல்ல உட்கார்ந்தான். வெடித்த கைகளை நாற்காலியின் இரண்டு பக்கமும் வைத்து, வலது பக்கம் ஒரு தடவை சாய்ந்தான், இடது பக்கம் ஒரு தடவை சாய்ந்தான்.

"இதானே அந்த நாக்காலி?" என்றான். "ஆடவே இல்லியே."

மறுபடியும் ஒரு தடவை அசைத்துப் பார்த்தான்.