தொட்டுப் பார்த்த வண்டி

என் கை பட்ட டேஷ்போர்டை எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் நான். அந்த வாயைத்தான் இப்போது தைக்க வேண்டும்.

விபத்தில் நொறுங்கி, இனி தேறாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவிவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து, சரிசெய்து விற்பது எங்கள் பிழைப்பு. தகரத்தை நிமிர்த்துவதும் வெல்டிங்கும் வீட்டுக்காரர். பெயிண்டுக்கு ஒருவர் வந்துபோவார். உள்ளே இருக்கிற சீட்டு, கூரைத்துணி, டேஷ்போர்டு எல்லாம் என் பாடு. பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவளை அவர்தான் இதில் இழுத்துவிட்டார்.

மோதிய வண்டியில் ஆளைக் காக்கிற காற்றுப்பை வெடித்து வெளியே தொங்கும். டேஷ்போர்டு உதடு கிழிந்த மாதிரி பிளந்து கிடக்கும். புதுப் பை யானை விலை. அதனால் ஓட்டுகிறவர் பக்கத்துக்கு மட்டும் பழைய பை ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டுவோம். பக்கத்து சீட்டுக்கு வெறும் பொந்துதான். அதில் ஸ்பாஞ்சை அடைத்து, துணி வைத்துத் தைத்து, மேலே தோல் ஒட்டிச் சூடு காட்டி இழுத்துவிடுவேன். எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க, வீட்டுக்காரர் அரிசி அளவில் ஒரு சாமானை ஒயரில் வைத்து முறுக்குவார். பை இருக்கிறது என்று வண்டி நம்பிக்கொள்ளும். வாங்குகிறவரும் நம்பிக்கொள்வார்.

பாவமில்லையா என்று கேட்பீர்கள். எல்லா வண்டியும் மோதவா போகிறது என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். இந்த ஒரு கேள்வியை வைத்துப் பன்னிரண்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கினோம்.

போன வருஷம் என் தங்கச்சி போன் பண்ணினாள்.

"அக்கா, ஒரு செகண்ட்ஹேண்ட் வண்டி பாத்திருக்கோம். அவருக்குப் புடிச்சிருக்கு. ஆனா நீ வந்து பாத்துச் சொன்னாத்தான் வாங்குவேன்."

பக்கத்து ஊர் வியாபாரி. எங்கள் வண்டிகள் புரோக்கர் மூலமாக நாலு கை மாறித்தான் போகும் என்பதால் அவனுக்கு என்னைத் தெரியாது. சிவப்பு வண்டி. உள்ளே ஏறி உட்கார்ந்தேன். டேஷ்போர்டு முழுக்க விரலால் தடவினேன், கட்டைவிரலால் அமுக்கினேன், பசை வாடை வருகிறதா என்று மோந்துகூடப் பார்த்தேன். தங்கச்சி வெளியே நின்று பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பவள் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் கை வைக்கலடி. கம்பெனி வேலை. தைரியமா வாங்கு" என்றேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு மழை நாளில், குறுக்கே வந்த நாய்க்காகத் தங்கச்சி புருஷன் ஸ்டியரிங்கைத் திருப்ப, வண்டி பாலத்துச் சுவரில் மோதியது. அவர் நெற்றியில் ஒரு கீறலோடு இறங்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள்.

எழவு வீட்டில் நான் அவர் சட்டையைப் பிடித்தேன். "உன் பக்கம் மட்டும் பை விரிஞ்சிருக்கு. அவ பக்கத்தக் கொண்டுபோய் சுவத்துல இடிச்சிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா!" என்று ஊர் கூடக் கத்தினேன். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அவள் பக்கத்துப் பை ஏன் விரியவில்லை என்று என் மூளைக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஓரமாக அடிபட்டால் விரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் பார்த்த வண்டியாயிற்றே!

தங்கச்சியின் ஆறு வயசுப் பாப்பாவை அன்றைக்கே என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். "பெத்தவளக் கொன்னவன்கிட்ட புள்ளைய விட மாட்டேன்" என்றேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவரும்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். கம்பி வழியாகப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, "கெளம்பு" என்பேன். பாப்பா ஜன்னலில் நின்று கை ஆட்டும். நாலு மாதம் இப்படியே ஓடியது.

அந்த வண்டியும் தேறாது என்று எழுதப்பட்டு ஏலத்துக்கு வந்தது. என் வீட்டுக்காரர் என்னிடம் மூச்சுவிடாமல் எடுத்துவந்து, பட்டறையின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். போன வாரம் தகர வேலை முடிந்ததும், "உள்வேலை மட்டும்தான் பாக்கி. மனச கல்லாக்கிட்டு முடிச்சுக் குடுத்துடு" என்றார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினேன். பழக்க தோஷம்.

அவள் பக்கத்து டேஷ்போர்டு ஓரத்தில் வெடித்திருந்தது. தோலை உரித்தேன். உள்ளே பை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பாஞ்சு இருந்தது. ஸ்பாஞ்சுக்கு மேல் வாத்துப் படம் போட்ட துணி. எங்கள் வீட்டுப் பழைய பெட்ஷீட். தையல் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் இடக்கைக்காரி. இந்தத் தொழிலில் இப்படித் தைக்கிற இன்னொரு கை கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வெள்ளை வண்டியாக எங்களிடமிருந்து போனது. எவனோ சிவப்பு அடித்து, சீட்டுக்கு உறை மாற்றியிருக்கிறான். என் வேலையை நானே தடவிப் பார்த்து, நானே சர்டிபிகேட் கொடுத்திருக்கிறேன்.

அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சீட்டு இருந்த வெறும் தகரத்தில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். ஒயரில் அவர் முறுக்கிய சாமானும் அங்கேயேதான் இருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மூடிடு. வெளிய தெரிஞ்சா ரெண்டு பேரும் உள்ளதான்."

"அவரு நாலு மாசமா கொலகாரன் மாதிரி வாசல்ல நிக்கிறாரு."

"நின்னா நிக்கட்டும். இப்ப சொன்னா உன் தங்கச்சி எழுந்து வரப் போறாளா?"

வீட்டுக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு நாள் முழுக்க எனக்கும் அதே யோசனைதான் ஓடியது. சொன்னால் பாப்பா போய்விடும். ராத்திரியில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பாப்பா.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி புருஷன் வந்தார். நான் கேட்டைத் திறந்தேன். அவர் பயந்து ஓர் அடி பின்னால் போனார்.

"உள்ள வாங்க" என்று பட்டறைக்குக் கூட்டிப்போய், ஸ்பாஞ்சையும் துணியையும் கையில் கொடுத்தேன். "அவ பக்கத்துல பையே இல்ல. இதுதான் அடைச்சு வெச்சிருந்துச்சு. அடைச்சவ நான். அது தெரியாம, நல்ல வண்டின்னு சொன்னவளும் நான்தான். நீங்க கொல்லல."

அவர் துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் தேவலை.

"அன்னிக்கு நான் பெல்ட் போடச் சொன்னேங்க்கா" என்றார், என்னைப் பார்க்காமல். "சிரிச்சா. 'எங்க அக்கா தொட்டுப் பாத்துக் குடுத்த வண்டி, இதுல எனக்கு என்ன ஆகும்'னா."

காரின் கதவைப் பிடித்துக்கொண்டேன். "அத்தன பேரு முன்னாடி உங்கள அந்தப் பேச்சு பேசினேனே, அப்பவே இதச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு விட்டுட்டேன்."

துணியை பானட்டின் மேல் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய்ப் பாப்பாவைக் கூப்பிட்டார். அது செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது. நான் உள்ளே போய் அதன் துணிமணிகளைப் பையில் எடுத்துவைக்க ஆரம்பித்தேன்.