கன்னத்தில் போட்ட கை

கணேசமூர்த்திக்கு வந்த சம்மனில் ஒரே குற்றம்தான். பஸ் ஓட்டும்போது கைப்பேசியைக் காதில் வைத்திருந்தாராம். வேறு குற்றமாக இருந்தால் முணுமுணுத்துக்கொண்டே அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகிற ஆள்தான் அவர். ஆனால் இதை ஒப்புக்கொண்டால் மறுநாளே பஸ் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப் போகும் அந்த பஸ் கம்பெனியில் இந்த ஒரு தப்புக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. ஐம்பத்து மூன்று வயதில் இன்னொருவன் கூப்பிட்டு பஸ் கொடுப்பானா? அதனால்தான் வழக்காடியே தீருவேன் என்று நின்றார்.

நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. பஸ்ஸை எடுக்கும் முன் கைப்பேசியை மனைவி புனிதாவிடம் கொடுத்துவிடுவார். அவளுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை. பஸ் புறப்படும் சுங்கை ரம்பாயிலேயே ஏறி, அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள். அன்றும் கைப்பேசி அவள் கைப்பையில்தான் கிடந்தது. அப்படியென்றால் கை எதற்குக் காதுப்பக்கம் போனது? கன்னத்தில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். கோயிலைத் தாண்டும்போது எந்தத் தமிழ் டிரைவர் போடாமல் போகிறான்? எதிரே நின்ற போலீஸ்காரரைக் குறை சொல்வதற்கில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார்.

ஆனால் அந்த இடத்தில் கோயில் இல்லை.

முனீஸ்வரர் கோயில் இருந்த இடம்தான் அது. மூன்று வருடத்துக்கு முன் சாலையை அகலமாக்கியபோது, சாமியைப் பின்னால் வீடுகள் இருந்த தாமானுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது அங்கே இருப்பது தார்ச்சாலையும் ஒரு விளக்குக் கம்பமும்தான்.

வழக்கன்று புனிதாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். சாட்சி சொல்பவர் முறை வரும்வரை உள்ளே இருக்கக் கூடாதாம். கணேசமூர்த்திக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் சாமி விஷயத்தைத் தமிழில்தான் சொல்வேன், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டிருந்தார். தினேஷ்வரன் என்ற இளைஞர் பக்கத்தில் வந்து நின்றார்.

போலீஸ் தரப்பு அதிகாரி அந்தச் சாலையின் படங்களை மாஜிஸ்திரேட்டிடம் நீட்டினார்.

“அங்க கோயிலே இல்லயே, எதுக்குக் கன்னத்துல போட்டீங்கன்னு கேக்கறாங்க, ஐயா” என்றார் தினேஷ்வரன்.

“பழக்கம் லா.”

“மூனு வருசமாவான்னு கேக்கறாங்க.”

அதிகாரி சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் தேவலை. மாஜிஸ்திரேட் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் சாவி கையை விட்டு நழுவுவது கணேசமூர்த்திக்குத் தெரிந்தது. கதவைத் திரும்பிப் பார்த்தார். சாத்தியிருந்தது.

“கும்பிடல. மன்னிப்புக் கேட்டேன். கோயில எடுத்துக்குங்கன்னு கையெழுத்துப் போட்டது நான்தான்.”

மூன்று வருடமாகத் தொண்டையில் கிடந்த பேச்சு அது. அப்போது கோயில் தலைவர் கந்தசாமி, புனிதாவின் கூடப்பிறந்த அண்ணன். கணேசமூர்த்தி செயலாளர். தலைவர் ஜொகூர் போயிருந்த நாளில் வந்த அதிகாரிகள், இன்றைக்கே கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் மாற்று இடமும் கிடையாது என்றார்கள். இவர் போட்டுவிட்டார். ஊர் கொதித்தபோது எல்லார் கையும் கந்தசாமியைத்தான் காட்டியது. “நான் போடல” என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். தங்கைகூட நம்பவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கும் புனிதா போகாமல், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கணேசமூர்த்தி கூடத்தில் உட்கார்ந்து அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா? திறக்கவில்லை.

இப்போது சொன்னதும் நெஞ்சு லேசானது உண்மைதான். அதை வீரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புனிதா கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்ற தைரியம்தான்.

அடுத்து புனிதாவைக் கூப்பிட்டார்கள்.

“போன் என் பேக்லதான் இருந்துச்சு. தெனமும் அப்படித்தான்” என்றாள் தெளிவாக.

அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். கணேசமூர்த்திக்கு அது மலாயிலேயே புரிந்துவிட்டது. தினேஷ்வரன் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னார்: “கோயில மாத்த கையெழுத்துப் போட்டது தான்தான்னு உங்க வீட்டுக்காரர் சொல்றாரு. அதுக்கு மன்னிப்புக் கேட்டுத்தான் அங்க கன்னத்துல போட்டுக்கிட்டாராம். உங்களுக்கு இது தெரியுமா?”

புனிதா கணவரைப் பார்த்தாள். அவர் தன் கால் சப்பாத்தைப் பார்த்தார்.

“தெரியாது” என்றாள். கைப்பையின் வாரை விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. அவள் நினைத்திருந்தால் அங்கேயே அவரைக் கவிழ்த்திருக்கலாம். “ஆனா போன் என்கிட்டதான் இருந்துச்சு. அது பொய்யில்ல.”

மாஜிஸ்திரேட் அவளை நம்பினார். வழக்கு தள்ளுபடியானது.

கார் நிறுத்துமிடம் வரைக்கும் புனிதா முன்னால் நடந்தாள்.

“புனிதா, நான் வந்து…”

அவள் பையைத் திறந்து அவருடைய கைப்பேசியை எடுத்து நீட்டினாள்.

“அண்ணன் நம்பர் இருக்கா?”

“இருக்கு.”

“போடுங்க. அங்க சொன்னத அப்படியே சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டு நிக்கறேன்.”

கணேசமூர்த்தி கைப்பேசியைக் காதில் வைத்தார். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

“யாரு பேசறது?” என்றார் கந்தசாமி. தங்கை வீட்டுக்காரரின் எண்ணை அவர் எப்போதோ அழித்திருந்தார்.