முறைத் தண்ணீர்

"அம்மா, கிணத்துல நம்ம தண்ணி எது, மாமா தண்ணி எது?"

மகள் ஒருநாள் இப்படிக் கேட்டபோது தக்காளிக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் மடை அடைத்துக்கொண்டிருந்த மௌனசாமியும் சிரித்தார். வாயைத் திறந்து பேசுவது அபூர்வம் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"மேல வந்தப்புறம்தான் தெரியும், கண்ணு" என்றாள் தாய்.

இருவரும் ஒரே நிலக்காரரிடம் குத்தகைக்கு இருந்தார்கள். மேல் வயலில் அவருடைய மிளகாய், கீழ் வயலில் அவளுடைய தக்காளி, நடுவில் ஒரே கிணறு. முற்பகல் அவர் முறை, பிற்பகல் அவள் முறை. முறை மாறும்போது மோட்டாரை நிறுத்துவதில்லை. அவர் தன் மடையை மண்ணால் அடைத்து, மேலே ஒரு தட்டைக் கல்லை வைப்பார். அவள் தன் மடையைத் திறப்பாள்.

அடுத்த கோடையில் கீழ் வயலுக்கு நல்ல விலை வந்தது. ஆனால் குத்தகைக் காலம் முடியும்வரை அவளை வெளியேற்ற முடியாது. அவளாகவே போகட்டும் என்று நிலக்காரர் மோட்டார் அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டு, சாவியை மௌனசாமியிடம் மட்டும் கொடுத்தார்.

"நிலத்தைத்தானே குத்தகைக்கு விட்டேன்? கிணத்தையா விட்டேன்?"

"வெறும் மண்ணைப் பாத்துக்கிட்டு உக்காரவாங்க நான் குத்தகை கட்டுறேன்?"

தக்காளி பூத்திருந்த நேரம். அவள் தாலுகா அலுவலகத்தில் முறையிட்டாள். அதிகாரி கிணற்றடிக்கே வந்தார்.

"முறை இருந்துச்சுன்னா உங்க உரிமையை யாரும் பறிக்க முடியாதும்மா. ஆனா அதை யாராவது சொல்லணுமே."

"அந்தா நிக்கிறாரே, கேட்டுப் பாருங்க" என்று நிலக்காரர் சிரித்தார். "பேசினார்னா ஊரையே கூட்டலாம்."

மௌனசாமியின் குத்தகை அந்த மிளகாயோடு முடிகிறது. புதுப்பிப்பதும் விடுவதும் நிலக்காரர் கையில். பக்கத்தில் நின்ற மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பாதி நாள் என்னோடது, பாதி நாள் தங்கச்சியோடது சார். நான் வந்ததுலேர்ந்து அப்படித்தான்."

சிலருக்குக் கடவுள் சொற்களைக் குறைவாகத்தான் கொடுக்கிறார். சேர்த்துவைத்து நல்ல காரியத்துக்குச் செலவழிக்கட்டும் என்றுதான் போலும்.

பூட்டு கழன்றது. நிலக்காரர் சொன்னார்: "மிளகாய் முடிஞ்சதும் வேற இடம் பாத்துக்குங்க."

அவள் கைகூப்பினாள். அவர் அதைப் பார்க்காதவர்போல மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சில நாள் கழித்து அவரும் மனைவியும் வேறு நிலம் பார்க்க வெளியூர் போனார்கள். மறுநாளும் திரும்பவில்லை. அனல் காற்று. அன்று முற்பகல் முழுக்க மின்சாரமும் இல்லை. அது பிற்பகலில், அவள் முறையில்தான் வந்தது.

மோட்டாரைப் போட்டு மடையைத் திறந்தாள். தண்ணீர் முதல் பாத்தியை எட்டியபோது தலை நிமிர்ந்து மேல் வயலைப் பார்த்தாள். மிளகாய்ச் செடிகள் துவண்டு தொங்கின. அவளுடைய தக்காளியும் தாகமாகத்தான் நின்றது. ஆனால் அது நேற்றுக் குடித்தது.

தன் மடையை அடைத்தாள். அவர் வைத்த கல்லை எடுத்து, அவர் மடையைத் திறந்தாள்.

மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வரப்பில் யாருமில்லை. மிளகாயின் கடைசிப் பாத்தி நனைந்ததும் மோட்டாரை நிறுத்தி, அவர் மடையை அடைத்து, அந்தத் தட்டைக் கல்லை அவர் வைப்பது போலவே மேலே வைத்தாள். ஈர மண்ணில் தன் காலடிகளை மண்வெட்டியால் தடவிச் சமன்செய்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.